பூனை இருக்கட்டும், அந்தக் கோடு எப்போது வந்தது?

கேள்வி: லூபஸ் நோய்க்காக (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) ஆறு மாதமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். எதிர்ப்புச் சக்தி குறைந்தால் பூனையிடமிருந்து ஒட்டுண்ணி மூளைக்குப் போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. பூனையைக் கொடுத்துவிடட்டுமா? மாதம் ஒரு பூச்சி மாத்திரையும் (அல்பெண்டசோல்) போட்டுக்கொள்கிறேன். இளவயதில் வெறுங்காலோடு வயல் வேலை செய்திருக்கிறேன். சில நாள் தொடையில் சிவப்பாக ஒரு கோடு அரிக்கும், மறுநாள் காணாமல் போய்விடும்.

பதில்: பூனை உங்களோடே இருக்கட்டும். அதன் கழிவை வீட்டில் வேறு யாராவது தினமும் அள்ளட்டும். கழிவில் வரும் அந்த ஒட்டுண்ணி தொற்றும் நிலைக்கு வரவே ஒரு நாளாவது ஆகும். அரைவேக்காட்டு இறைச்சி வேண்டாம். பூனை விஷயம் அவ்வளவுதான்.

கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அடுத்த முறை கோடு வந்ததும் அதன் நுனியில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் புள்ளியைத் தாண்டி இரண்டு மூன்று விரல் அகலம் நகர்ந்திருந்தால், அநேகமாக அது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல் புழுவின் லார்வா (இளம்புழு) தோலுக்கடியில் ஊர்ந்த தடம். மண்ணிலிருந்து பாதத்தைத் துளைத்து ஏறும் புழு இது. உடம்புக்குள்ளேயே திரும்பத் திரும்பத் தொற்றிக்கொள்வதால் பல பத்தாண்டுகள்கூடச் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு உள்ளே போனதும் கட்டில்லாமல் பெருகி, குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு நுரையீரல், மூளை வரை போகலாம். உங்கள் பயம் பொய்யில்லை. அதைப் பூனை மேல் போட்டதுதான் தப்பு.

அல்பெண்டசோலை நிறுத்துங்கள். மாதம் ஒன்று போட்டால் இந்தப் புழு ஒழியாது, ஏதோ செய்துவிட்டோம் என்ற தைரியம் மட்டும் வரும். இதற்குச் சரியான மருந்து ஐவர்மெக்டின். அதையும் நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள், எடை பார்த்துத்தான் அளவு. இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் போய் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஒரே ஒரு மலப் பரிசோதனையில் புழு தெரியவில்லை என்றால் நம்பிவிட முடியாது. ஈசினோபில் (புழுத் தொற்றில் கூடும் ஒரு வகை ரத்த வெள்ளணு) அளவு சரியாக இருப்பதும் ஆறுதல் இல்லை, ஸ்டீராய்டே அதைக் குறைத்துக் காட்டும்.

இதற்கிடையில் வயிற்று வலியோ வாந்தியோ வந்து, கூடவே இருமல், மூச்சு இழுப்பு, காய்ச்சல் ஏதாவது சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். போனதும் ஸ்டீராய்டு சாப்பிடுவதையும் தோலில் கோடு ஓடியதையும் முதலில் சொல்லுங்கள். வெறும் இழுப்பு என்று நினைத்து ஸ்டீராய்டைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். அதற்காக பிரெட்னிசோலோனை நீங்களே நிறுத்திவிடவும் கூடாது. திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடலாம்.

அப்புறம், கோடு வரும்போது பேனாப் புள்ளியோடு செல்போனில் ஒரு படம், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு படம். மருத்துவர் பார்க்கும்போது கோடு மறைந்திருக்கும்.