வேப்பிலை போட்டும் வண்டு வருதே! மும்பை வீடுகளுக்கான தானியக் காப்பு கேள்வி பதில்

மழைக்கு முன்னால் அரிசி, பருப்பு, கோதுமை எல்லாம் மொத்தமாக வாங்கி நிரப்புவது மும்பை வழக்கம். ஜூன் பிறந்ததும் காற்றில் ஈரம் ஏறும், வண்டும் ஏறும். நம் மக்கள் அனுப்பிய கேள்விகளுக்குச் சேமிப்புப் பூச்சிகள் பற்றி அறிந்த ஒருவர் தரும் பதில்கள் இவை.

செம்பூர்: 25 கிலோ புழுங்கலரிசியை டிரம்மில் கொட்டி, மேலே ஒரு கொத்து வேப்பிலை போட்டு மூடினேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் மூக்கு நீண்ட வண்டு ஊர்கிறது. வேப்பிலை வேலை செய்யாதா ஐயா?

செய்யும் அம்மா. ஆனால் அதன் வேலை காவல்தான். உள்ளே ஏற்கெனவே இருக்கிற பூச்சியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பெண் வண்டு மூக்கால் அரிசியைத் துளைத்து, குழியில் ஒரு முட்டை வைத்து, பசை போன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடும். புழு, கூட்டுப்புழு எல்லாம் அந்த ஒரே அரிசிக்குள்தான். மும்பை வெப்பத்தில் நாலைந்து வாரத்தில் வண்டாகி வெளியே வரும். ஆகவே நீங்கள் பார்த்தது ஆலையிலிருந்தோ கடையிலிருந்தோ முட்டையாக வந்தது. அரிசிக்குள் இருக்கும் புழுவை வேம்பின் கசப்பும் வாடையும் எட்டாது.

இன்னொரு தவறும் நடந்திருக்கிறது. பச்சைக் கொத்தில் உள்ள நீர் மூடிய டிரம்முக்குள் அரிசிக்கே இறங்கும். ஈரம் கூடினால் வண்டுக்குக் கொண்டாட்டம், பூஞ்சணமும் வரும்.

இனி இப்படிச் செய்யுங்கள். மூட்டை வந்ததும் சலித்துக் குருணையையும் தவிட்டுத் தூளையும் நீக்குங்கள். ஃப்ரீசரில் இடம் இருந்தால் இரண்டு இரண்டு கிலோவாக உறையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் முழுதாக வையுங்கள். முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால்தான் அரிசியின் மேல் நீர் கோக்காது. அப்புறம்தான் வேப்பிலை. காம்பு நீக்கி, நிழலில், கையில் நொறுங்கும்வரை உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வேம்பில் பூச்சியை எதிர்க்கும் பொருளான அசாடிராக்டின் சிதைந்துவிடும். கிலோவுக்கு 10 கிராம் கணக்கில் 25 கிலோவுக்குக் கால் கிலோ காய்ந்த இலை. மெல்லிய பருத்தித் துணியில் சிறு பொட்டலங்களாகக் கட்டி, அடியில் ஒன்று, ஒவ்வொரு சாண் உயரத்துக்கும் ஒன்று, மேலே ஒன்று என்று வையுங்கள். மேலே மட்டும் போட்டால் அடியில் காவல் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலையை மாற்ற வேண்டும்.

மாட்டுங்கா: அப்படியானால் அரிசியை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டால் போதாதா?

பருப்பு, கோதுமைக்குப் போதும். அரிசிக்கு வேண்டாம். கடும் வெயிலில் ஈரம் சட்டென்று இறங்கினால் அரிசி நடுவில் கீறல் விட்டு, சோறு வடிக்கும்போது உடையும். அரிசியை நிழலில், காற்றோட்டத்தில் பரப்புங்கள். மற்றதைக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, காலை பத்து முதல் மூன்று மணிவரை, மணிக்கொரு முறை கிளறுங்கள். ஓரத்துக்கு ஊர்ந்து ஓடும் வண்டுகளைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிச் சோப்பு நீரில் போடுங்கள், இல்லாவிட்டால் இரவில் திரும்பிவிடும். நன்றாக ஆறிய பிறகே டின்னில் கொட்டுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் நீர் பூக்கும்.

ஈரம் சரியா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் 200 கிராம் தானியம், 20 கிராம் நன்றாகக் காய்ந்த தூள் உப்பு. மூடி ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், சேமிக்கத் தகாது. ஒட்டாமல் உதிர்ந்தால் நிரப்பலாம்.

முலுண்ட்: துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுகிறோம். எவ்வளவு? எதற்காக?

கிலோவுக்கு 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். அகலத் தாம்பாளத்தில் பருப்பைக் கொட்டி, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துப் புரட்டுங்கள். ஒவ்வொரு பருப்பும் மினுக்க வேண்டும், கையில் சொட்டக் கூடாது. ஒரே இடத்தில் ஊற்றிக் கிளறினால் பாதிப் பருப்பு ஊறும், பாதி வெறுமனே கிடக்கும்.

பயறு வண்டு அரிசி வண்டு மாதிரி அல்ல. முட்டையை வெளித்தோலில்தான் ஒட்டும். முழுப் பாசிப்பயறையோ காராமணியையோ வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். எண்ணெய்ப் படலம் அந்த முட்டையின் மூச்சை அடைக்கிறது, புதிதாக முட்டை ஒட்டவும் விடாது. உள்ளே துளைத்துப் போய்விட்ட புழுவை மட்டும் எண்ணெயால் தொட முடியாது. அதனால் வாங்கிய வாரமே தடவுங்கள். புள்ளி தெரிந்தால் முதலில் ஃப்ரீசர், பிறகு எண்ணெய். உடைத்த பருப்பில் இந்தத் தொல்லை குறைவு. முழுப் பயறுக்குத்தான் அவசியம் அதிகம்.

டோம்பிவிலி: வசம்பு போட்டால் வண்டே வராது என்று ஊரில் சொல்கிறார்கள். அரிசி டின்னில் போடலாமா?

சாப்பிடும் அரிசியில் வேண்டாம். வசம்பிலுள்ள பீட்டா அசரோன் பூச்சிகளை மலடாக்கும் அளவுக்கு வல்லது. அதே பொருள் எலிகளில் புற்றுக் கட்டி உண்டாக்கியதால், அமெரிக்கா 1968ல் உணவில் வசம்பைத் தடை செய்தது. நம் நாட்டு வசம்பில் அது தாராளமாகவே உண்டு. தூளாகச் சேர்த்தால் எத்தனை கழுவினாலும் முழுதாகப் போகாது.

விதைக்கு மட்டும் அது அருமையான பொருள். மாடித்தோட்டத்துக்கு அவரை, காராமணி விதை எடுத்து வைப்பவர்கள் கிலோவுக்கு 10 கிராம் வசம்புத் தூள் கலந்து, காற்றுப் புகாத பாட்டிலில் வைத்து, ‘விதை, சமைக்காதே’ என்று சீட்டு ஒட்டுங்கள். இங்கே மருந்துச் சரக்குக் கடையில் ‘வேகண்ட்’ என்று கேளுங்கள். தூளாக வாங்காமல் கிழங்காக வாங்கி இடித்தால் வாடை முழுதாக இருக்கும். வசம்பு கிடைக்காவிட்டால் சலித்த விறகுச் சாம்பல், நாலு படி விதைக்கு மூன்று படி. சாம்பல் விதைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைத்துவிடுவதால் வண்டு நடமாடி முட்டையிட முடியாது.

தாராவி: இட்லி வியாபாரம் அண்ணே. எப்பவும் ஏழெட்டு மூட்டை இட்லி அரிசி, ரெண்டு மூட்டை உருட்டு உளுந்து இருக்கும். ஒரே அறை. ஒரு மூட்டையில வந்தா எல்லாத்துக்கும் பரவுது.

தம்பி, உங்களுக்கு இலையைவிட அடுக்கும் முறைதான் முக்கியம். மூட்டைகளைத் தரையில் வைக்காதீர்கள். மரப்பலகைச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் தரையும் சுவரும் கசிந்து, ஒட்டியிருக்கும் அரிசிதான் முதலில் ஈரமாகும். முதலில் வந்த மூட்டை முதலில் தீர வேண்டும். சாக்கின் மேல் வந்த தேதியைப் பேனாவால் எழுதுங்கள்.

பரவுவதற்குப் பெரும் காரணம் காலிச் சாக்கு. தையலைப் பிரித்துப் பாருங்கள், மடிப்புக்குள் குருணையோடு வண்டு உட்கார்ந்திருக்கும். பழைய சாக்கைக் கால் மணி நேரம் கொதிநீரில் போட்டு வெயிலில் காய வையுங்கள். பிறகு அரை கிலோ வேப்பம்பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, அதில் நனைத்து நிழலில் முழுதாக உலர்த்துங்கள். இந்தச் சாக்கு வெளியுறையாக மட்டும் இருக்கட்டும். கசப்பு அரிசியில் இறங்கினால் உங்கள் இட்லியில் தெரியும். உள்ளே கனமான பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த குழாய்ப் பொறி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். துளையிட்ட குழாய், அடியில் ஒரு கூம்புக் கிண்ணம். மூட்டைக்குள் செருகினால் காற்றைத் தேடி ஊரும் வண்டு துளை வழியே விழுந்துவிடும். வாரம் ஒருமுறை கிண்ணத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று வண்டு விழும்போதே அந்த மூட்டையைத் தனியே நகர்த்தி முதலில் அரைத்துத் தீர்த்தால், மற்றவை பிழைக்கும்.

அணுசக்தி நகர்: ரவை, மைதாவில் வரும் சிவப்புப் பூச்சிக்குக் கிராம்பு, பிரியாணி இலை?

ஓரளவு விரட்டும், நம்பி இருக்க முடியாது. அது வேறு பூச்சி. மாவுக்குள்ளேயே முட்டையிடும், மாவு புளித்த நெடி அடிப்பதும் அதன் சுரப்பால்தான். ரவையை வெறும் வாணலியில் கை பொறுக்காத சூடுவரை வறுத்து, ஆறவிட்டு அடைத்துவிடுங்கள். மைதாவை ஃப்ரிட்ஜில் வையுங்கள். மாவுக்கு மூலிகை வழி தேடிச் சிரமப்படாதீர்கள்.

வாஷி: மராத்தி வீடுகளில் கோதுமைக்குள் ‘பிப்பா’ போடுகிறார்கள். நாமும் போடலாமா?

அது சேராங்கொட்டை. அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். குழந்தை கையை விடும் டின்னில் உடைந்த கொட்டை கிடந்தால் விபரீதம். காய்ந்த வேப்பிலையோ நொச்சி இலையோ போதும். நொச்சியை இங்கே நிர்குடி என்பார்கள். குஜராத்திக்காரர்கள் செய்வதுபோல் கோதுமைக்கும் விளக்கெண்ணெய் தடவலாம், அளவு மட்டும் பருப்பில் பாதி.

சயான்: கடைக்காரர் ஒரு மாத்திரை தருகிறார், டின்னில் போட்டால் வருடம் முழுக்க வண்டு வராதாம்.

தயவுசெய்து என்ன மாத்திரை என்று படித்துப் பாருங்கள். பாதரசம் சேர்ந்தது என்றால் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு என்றால் இன்னும் ஆபத்து: காற்றின் ஈரத்தில் பாஸ்பீன் வாயு கிளம்பும், மூடிய ஒற்றை அறை வீட்டில் தூங்கும் குடும்பமே உயிரிழக்கும். அதை வீட்டில் பயன்படுத்தச் சட்டப்படியும் அனுமதி இல்லை, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுக்காரர்களுக்குத்தான். அரிசியில் போரிக் பவுடர் கலப்பதையும் விட்டுவிடுங்கள். வண்டு விழுந்த அரிசியைக் கழுவிச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, இந்த மருந்துகள் அப்படி இல்லை.

காட்கோபர்: திருநெல்வேலியிலிருந்து நெல்லாகவே கொண்டு வந்துவிட்டால்?

நல்ல யோசனை. முழு உமி உள்ள நெல்லை அரிசி வண்டு எளிதில் துளைக்காது. ஆனால் நெல் அந்துப்பூச்சி வரும். நொச்சி இலையைக் காயவைத்து அதே கிலோவுக்கு 10 கிராம் கணக்கில் அடுக்குங்கள். உமி உடைந்த நெல்லை முறத்தில் புடைத்து நீக்கிவிட்டு நிரப்புங்கள். இரண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் குத்தி வாங்குங்கள்.