பாட்டியின் கண் ஏன் கலங்கியது?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு வயது 24. டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். தத்துவத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, அழகியலில் (அழகு என்றால் என்ன என்று ஆராயும் தத்துவப் பிரிவு) பிஎச்.டி. சேர முயற்சி செய்கிறேன். ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட்டை எடுத்துக்கொண்டு, ‘கான்ட்டின் அழகியலும் இந்திய அழகியலும்: ஓர் ஒப்பீடு’ என்று தலைப்பு கொடுத்திருந்தேன். நேர்காணலில், உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பற்றிச் சொன்னதும், ‘அது தமிழ்த் துறைக்குப் போக வேண்டிய விஷயம்’ என்று முடித்துவிட்டார்கள். இடம் கிடைக்கவில்லை. அப்பா, ‘பி.எட். படி, டீச்சர் வேலையாவது கிடைக்கும்’ என்கிறார். பாட்டி மட்டும்தான் என் பக்கம். போன மாதம் கும்பகோணத்திலிருந்து வந்த அவரை ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். சோழர் கால நடராசர் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ‘ஏண்டி, இவருக்கு ஒரு வேட்டிகூடக் கட்டிவிட மாட்டாங்களா?’ என்று கேட்டுக் கண் கலங்கிவிட்டார். அவ்வளவு பக்தி! நான் தலைப்பை மாற்றட்டுமா, துறையையே மாற்றட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மயூர் விகார்

பதில்: மகளே, துறை அப்படியே இருக்கட்டும். தலைப்பை மாற்று. புதுத் தலைப்பை நீயே எழுதி அனுப்பியிருக்கிறாய். ஏதோ பாட்டியைப் பற்றிய வீட்டுச் செய்தி போல அதைக் கடிதத்தின் கடைசியில் வைத்துவிட்டாய், அவ்வளவுதான்.

எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. என் முதல் ஆய்வுச் சுருக்கத்தை நெறியாளர் பொறுமையாகப் படித்துவிட்டு, “எல்லாம் சரிம்மா, இதுல உனக்குத் தெரியாதது எது?” என்று கேட்டார். விழித்தேன். இரண்டு பெரிய பெயர்களை அக்கம்பக்கம் வைத்து ஒற்றுமை வேற்றுமை எழுதுவதற்கு எதுவும் தெரியாமல் இருக்க வேண்டியதில்லை. உன் தலைப்பிலும் அதுதான் குறை. பாட்டி கேட்டதற்கோ உனக்கு இன்னும் பதில் தெரியாது. எனக்கும் தெரியாது.

அந்த நடராசரைப் பார்க்க வருகிறவர்கள் எதையெல்லாம் புகழ்கிறார்கள்? இடுப்பின் வளைவு, தூக்கிய காலின் சமநிலை, முதுகின் வழவழப்பு. கோயிலில் கும்பிடுகிறவர் இதில் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே உற்சவருக்குப் பட்டும் மாலையும் நகையும் சாத்திவிடுவார்கள். முகம், கை, பாதம் தெரியும். மேனியைக் காண வேண்டுமென்றால் அபிஷேக நேரம்தான். அடுத்த முறை போகும்போது உற்சவத் திருமேனிகளின் பீடத்தைக் குனிந்து பார். வளையமோ ஓட்டையோ இருக்கும். கழி செருகித் தோளில் தூக்கிப் போவதற்காக வைத்தவை அவை. நாம் வியக்கும் அழகு, துணியைக் களைந்து, வீதியுலாவை நிறுத்திய பிறகு கிடைத்த அழகு. அதையும் அழகு என்ற அதே சொல்லால் சொல்லலாமா? உன் முதல் அத்தியாயத்துக்கு இதுவே போதும்.

இப்போது கான்ட்டைக் கூப்பிடு. அழகென்று தீர்ப்புச் சொல்லும்போது அந்தப் பொருள் இருக்க வேண்டும், எனக்கு வேண்டும் என்ற பற்று கலக்கக் கூடாது என்று 1790-இல் எழுதினார். அரண்மனை ஒன்றை உதாரணம் காட்டுகிறார். அதற்காக மக்களின் வியர்வை வீணானதே என்று ஒருவர் குறைப்படலாம், அது நியாயமாகவும் இருக்கலாம், ஆனால் இங்கே கேள்வி அதுவல்ல என்கிறார். உன் பாட்டிக்கு அதுதான் கேள்வி. நடராசர் எப்படி இருக்கிறார் என்று அவர் பார்க்கவில்லை, நன்றாக இருக்கிறாரா என்று பார்த்தார். பாட்டி பார்க்கத் தெரியாதவர் என்று கான்ட்டின் பக்கம் நின்று சொல்ல உனக்கு மனம் வருமா? வராதென்றால் ஏன் வரவில்லை என்பதை எழுது.

‘அவ்வளவு பக்தி’ என்றாய். அங்கே எனக்குச் சந்தேகம். பக்தி ஒரு தனி ரசமா, அதாவது கலையில் சுவைக்கும் தனி உணர்ச்சியா என்பதே பழைய வழக்கு. ரசத்தை விளக்கிய காஷ்மீர அறிஞர் அபிநவகுப்தர் அதற்குத் தனி இடம் தரவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் வைணவ அறிஞர் ரூப கோஸ்வாமி அதையே தலையாக வைத்தார். அதற்கும் முன்னால் நீ மெய்ப்பாட்டியலைத் திற. நகையில் தொடங்கி உவகை வரை எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணம். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் எளியவராக நடத்தப்படுவது, உடையதை இழப்பது, முன்னிருந்த நிலை தாழ்வது, இல்லாமை. ‘ஒரு வேட்டிகூடக் கட்டிவிட மாட்டாங்களா’ என்பதற்குப் பக்கத்தில் இந்த நான்கையும் வைத்துப் பார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தொல்காப்பியத்துக்குப் பேராசிரியர் என்ற பழைய உரைகாரர் எழுதிய உரை அழுகையை இரண்டாகப் பிரிக்கிறது: தன் அவலத்துக்கு அழுவது, பிறர் அவலம் கண்டு அழுவது. தெய்வத்தின் அவலம் கண்டு ஒரு மனுஷி அழ முடியுமா? இப்படிக் கேட்டால் எந்த நேர்காணலிலும் உன்னைத் தமிழ்த் துறைக்கு அனுப்ப முடியாது. ‘தமிழிலும் அழகியல் உண்டு’ என்று சொன்னால் அனுப்பத்தான் செய்வார்கள். அவர்களை முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன்.

பாட்டிக்கு வந்தது இரக்கம் என்றால் உன் ஆய்வு அறவியலுக்குள் போய்விடும். பயப்படாதே, போகட்டும். பத்தூர் நடராசர் வழக்கைப் படி. 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, விற்கப்பட்டு லண்டன் போனவர். கோயிலே வழக்காடலாம் என்று அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 1991-இல் திரும்பி வந்தார். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடு போன நடராசரை ஆஸ்திரேலியப் பிரதமர் 2014-இல் இதே டெல்லியில்தான் ஒப்படைத்தார். அருங்காட்சியகங்களில் இருப்பதெல்லாம் திருட்டு என்று நான் சொல்லவில்லை. முறையாக வந்தவர் முன்னால் நின்றும் பாட்டி அழுதாரே, அது சட்டத்துக்குள் அடங்காத கேள்வி.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை அருங்காட்சியகத்தில் அந்த நடராசர் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார். மறுநாள் காலை ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் அபிஷேகத்துக்குப் போ. இரண்டு இடத்திலும் மனிதர்களின் கண் எங்கே போகிறது என்று மட்டும் குறித்துவை. பிறகு பத்துப் பக்கம் எழுது, தமிழிலேயே எழுது, ஆங்கிலத்துக்கு அப்புறம் கொண்டு போகலாம். அந்தப் பத்துப் பக்கத்தோடு நெறியாளரைத் தேடு. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துத் தேடாதே.

அப்பாவிடம் பூசி மெழுகாதே. தத்துவத்தில் நிரந்தரப் பேராசிரியர் பணி குறைவு, காத்திருப்பு அதிகம். அவர் பயம் நியாயமானது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000; வீட்டு வாடகைப்படி தனி. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மாதம் 8,000-தான். டெல்லியில் அது போதாது, வீட்டில் தங்கியிருப்பதால் உன்னால் சமாளிக்க முடியும். பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். ஜே.ஆர்.எஃப். வாங்க இரண்டு முறை முயற்சி செய்கிறேன், அதற்குள் வராவிட்டால் பி.எட். என்று அவரிடம் சொல். சொன்னபடி நடந்துகொள்.

அதற்கு முன்னால் இன்று இரவே கும்பகோணத்துக்குப் போன் போடு. பக்தி என்ற சொல்லை நீயாக எடுத்துக் கொடுக்காதே. “அன்னிக்கு அங்க நின்னப்போ ஏன் பாட்டி அழுதீங்க?” என்று மட்டும் கேள். அவர் என்ன சொன்னாலும் அவர் வார்த்தையிலேயே, தேதி போட்டு, நோட்டில் எழுதிவை. எனக்கும் ஒரு கடிதம் போடு.