சனிக்கிழமை இரவு அனுப்பவிருக்கும் ராஜினாமா

கேள்வி: எனக்கு 26 வயது. திருநெல்வேலியில் ஒரு பெரிய துணிக்கடையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஞாயிறுதான் வியாபாரம் மிகுந்த நாள் என்பதால் எனக்கு வாரவிடுமுறை செவ்வாய்க்கிழமை. இரண்டு ஆண்டுகளாக ஆராதனைக்குச் செல்ல முடியாமல் என் விசுவாசம் மங்கிக் கிடந்தது. அண்மையில் ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடலைப் பற்றிய 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டேன். இனி ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். வரும் சனிக்கிழமை இரவு ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அம்மாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். தங்கையின் நர்சிங் படிப்புக் கட்டணம் என் சம்பளத்தில்தான் போகிறது, கர்த்தர் பார்த்துக்கொள்வார். இந்தத் துணிச்சல் நிலைத்திருக்க வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. என்னை நிறுத்தியது 'அம்மாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்று போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் வரிதான். அதிகாரியின் முகத்தைப் பார்க்காமல் இரவில் ஒரு மின்னஞ்சல். பெற்றவளுக்குக் காரியம் முடிந்த பிறகு ஒரு தகவல். இதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு பேரிடமிருந்து ஓடுகிறீர்கள். எழுப்புதல் கூட்டம் முடிந்த இரவிலும் படம் முடிந்த இரவிலும் எடுக்கப்பட்ட தீர்மானங்களைச் சுமந்துகொண்டு பல கடிதங்கள் எனக்கு வருகின்றன. அந்தத் தீர்மானத்தின் விலையைப் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் ஒரு பெண்தான் கொடுக்கிறாள்.

நீங்கள் பார்த்த படத்தில், லிடல் பாரிசுக்குக் கப்பல் ஏறும் வேளையில்தான் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருப்பதை அறிந்துகொள்கிறார். அந்தக் காட்சிதான் உங்களை உலுக்கியிருக்க வேண்டும். உண்மையில் 1924 ஒலிம்பிக்கின் அட்டவணை அவருக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்ததும், ஞாயிறு ஓய்வுநாள் என்பதால் தம்மால் ஓட முடியாது என்று உரியவர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அதனால் வந்த பழிச்சொற்களையும் தாங்கிக்கொண்டார். போட்டியைவிட்டே ஒதுங்கிவிடாமல், ஞாயிறு குறுக்கிடாத 200, 400 மீட்டர் ஓட்டங்களுக்கு மாதக்கணக்கில் உழைத்துப் பயிற்சி எடுத்தார். 200 மீட்டரில் வெண்கலம் வந்தது. 400 மீட்டரை 47.6 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். திரைப்படம் மாதங்களைச் சில நிமிடங்களாகச் சுருக்கித்தான் ஆக வேண்டும், அதில் நான் குறை காணமாட்டேன். ஆனால் அந்தச் சில நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கான உழைப்பை நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

படம் காட்டாமல் விட்டதையும் கேளுங்கள். அவர் எடின்பரோவில் பட்டப்படிப்பை முடித்த பிறகே, 1925-இல், தாம் பிறந்த சீனாவுக்கு மிஷனரியாகச் சென்றார். தாம் விரும்பிய பெண் கனடாவில் செவிலியர் பயிற்சியை முடிக்கும்வரை காத்திருந்து 1934-இல் அவரை மணந்தார். ஒரு பெண்ணின் படிப்பு முடியட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மனிதர் அவர். நீங்களோ அதே படிப்பில் இருக்கும் தங்கையை 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்ற இரண்டு சொற்களில் கடந்துபோகிறீர்கள்! கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றுதான் நானும் விசுவாசிக்கிறேன்; அதற்காக அவர் அந்த வீட்டில் வைத்திருக்கும் ஆள் நீங்கள்தான் என்றும் விசுவாசிக்கிறேன். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் படியுங்கள்.

1943-இல், போரின்போது, ஜப்பானியர் லிடலைச் சீனாவிலிருந்த வெய்சியன் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்திருந்த பிள்ளைகளுக்கு அவர் பாடம் நடத்தினார், விளையாட்டுகளை ஒழுங்கு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு கிடையாது என்பதில் உறுதியாக இருந்தார். ஒரு ஞாயிறு அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடிச் சண்டையில் முடித்தபோது, அதற்கடுத்த ஞாயிறு அவரே மைதானத்தில் நடுவராக நின்றார். உலகப் புகழுக்காக விட்டுக்கொடுக்காத ஞாயிற்றைத் தம் பொறுப்பிலிருந்த பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். விடுதலையைக் காணாமலே 1945 பிப்ரவரியில் மூளைக்கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார். தங்கப்பதக்கத்தைவிட அந்த ஹாக்கி ஆட்டத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

எனவே சனிக்கிழமை இரவு எதையும் அனுப்பாதீர்கள். அன்று மாலையே அம்மாவின் எதிரில் அமர்ந்து, உங்கள் மனத்தில் இருப்பதை முழுவதும் சொல்லுங்கள். அவர்கள் அழுதாலும் கோபித்தாலும் எழுந்து போகாமல் இருந்து கேளுங்கள். தங்கையையும் உடன் வைத்துக்கொண்டு, படிப்பு முடிய இன்னும் எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். கணக்கு உங்கள் தொழில்தானே. அடுத்து அதிகாரியை நேரில் பார்த்து, செவ்வாய்க்குப் பதில் ஞாயிறு விடுமுறை கேளுங்கள். அதற்கு ஈடாகப் பண்டிகைக் கால வேலையை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகளில் ஒரு முறையாவது இதைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. நெல்லையில் ஞாயிறு அதிகாலை ஆராதனை நடக்கும் ஆலயங்களும் உண்டு. கடை திறக்கும் முன் அங்கே போய் வர இந்த வாரமே யாரும் தடை சொல்லமாட்டார்கள். அதிகாரி மறுத்துவிட்டால் ஞாயிறு விடுமுறை உள்ள வேறு வேலையைத் தேடுங்கள். அது கைக்கு வந்த பிறகு ராஜினாமாவை நேரில் கொடுங்கள். அதுவரை தங்கையின் கட்டணத்தில் ஒரு தவணையும் தவறக் கூடாது.