தண்ணீர் சுமந்த கேப்டன்

கேள்வி: பிரான்ஸ் கால்பந்துப் பயிற்சியாளர் டிடியர் டெஷாம்ப்ஸை மாமேதை என்கிறார்கள். ஆடிய காலத்தில் அவர் வெறும் ‘தண்ணீர் சுமப்பவர்’, அதாவது மற்றவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கும் எடுபிடி என்று பிரான்ஸ் நட்சத்திர வீரர் எரிக் கன்டோனாவே சொல்லியிருக்கிறார். எம்பாப்பே போன்ற வீரர்கள் இருந்தால் யார் வேண்டுமானாலும் கோப்பையை வாங்கித் தரலாமே?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: முடியாது ஐயா. 2002இல் முடியவில்லையே! சிடேன், ஆன்ரி, டிரெசெகே எல்லோரும் இருந்த நடப்புச் சாம்பியன் அணி தென்கொரியாவில் மூன்று ஆட்டங்கள் ஆடி, ஒரு கோல்கூடப் போடாமல் ஊர் திரும்பியது. 2010இல் தென்னாப்பிரிக்காவில் அதைவிடத் தலைகுனிவு: வீரர்கள் பயிற்சி செய்ய மறுத்துப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். திறமைக்கு இரண்டு முறையும் பஞ்சமே இல்லை. அந்த அணியைத்தான் 2012இல் டெஷாம்ப்ஸ் கையில் எடுத்தார்.

கன்டோனா அப்படிச் சொன்னது 1996இல். அதற்கு முன்பே, 1993இல், பிரான்ஸின் மார்செய் கிளப் இத்தாலியின் மிலானை 1-0 என்று வீழ்த்தி கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது கேப்டனாக நின்றவர் டெஷாம்ப்ஸ். அப்போது அவருக்கு வயது 24. 1996இல் இத்தாலியின் யுவென்டஸ் கிளப்புடன் அதே கோப்பை மறுபடியும். 1998 உலகக் கோப்பையையும் நாடுகளுக்கான 2000 ஐரோப்பியக் கோப்பையையும் பிரான்ஸுக்காகக் கையில் வாங்கிய கேப்டனும் அவரே. நாட்டுக்காக 103 ஆட்டங்கள். அடித்த கோல் நான்குதான். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பார், பக்கத்தில் நிற்கும் சிடேனிடம் தட்டிவிடுவார், சிடேன் முன்னேறியதும் அவர் விட்டுப்போன இடத்தில் போய் நிற்பார். இந்த வேலையைத் தொண்ணூறு நிமிடமும் பிசகாமல் செய்ய எவ்வளவு கணக்கு வேண்டும் என்பதை ஒரு முறையாவது நடுக்களத்தில் ஆடியவர்களிடம் கேளுங்கள்.

பயிற்சியாளராகவும் அவர் செய்தது இதே வேலை. மொனாக்கோ கிளப்பை 2004இல் ஐரோப்பிய கிளப் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார். இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்ட யுவென்டஸை ஒரே பருவத்தில் மேலே ஏற்றினார். மார்செய்க்கு 18 ஆண்டுகளுக்குப் பிறகு, 2010இல், லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

2018 உலகக் கோப்பைக்கு வருவோம். எம்பாப்பேக்கு அப்போது 19 வயது. வலதுபுறம் பாய்ந்து செல்ல அவருக்கு முழுச் சுதந்திரம். அதற்கு ஈடாக இடதுபுறத்தில், ஓரத்தில் ஆடிப் பழகிய வேகக்காரரை நிறுத்தாமல், நடுக்கள உழைப்பாளி மட்டுய்டியை நிறுத்தினார். முன்கள வீரர் ஜிரூ தொடர் முழுவதும் அடித்த பந்துகளில் ஒன்றுகூட இலக்குக்குள் போகவில்லை. வேறொருவராக இருந்தால் பத்திரிகைகளின் கூச்சலுக்குப் பயந்து ஜிரூவை உட்காரவைத்திருப்பார். டெஷாம்ப்ஸ் அசையவில்லை. எதிரணித் தடுப்பாளர்களைத் தன் உடலால் கட்டிப்போட்டு கிரீஸ்மனுக்கு இடம் உண்டாக்குவதுதான் ஜிரூவின் வேலை என்பது அவருக்குத் தெரியும். இறுதி ஆட்டத்தில் 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது, 55ஆவது நிமிடத்தில், மஞ்சள் அட்டை வாங்கித் தடுமாறிக்கொண்டிருந்த கான்டேயை வெளியே எடுத்தார். அணியின் செல்லப்பிள்ளை கான்டேயை! அடுத்த பத்து நிமிடங்களில் போக்பா ஒன்று, எம்பாப்பே ஒன்று. ஆட்டம் 4-2 என்று முடிந்தது. வீரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்றவர்கள் பிரேசிலின் சகாலோ, ஜெர்மனியின் பெக்கன்பவர் இருவர்தான் என்றிருந்த வரிசையில் அவரும் சேர்ந்தார்.

அவர் அணி சில நேரம் பார்க்கவே சலிப்பூட்டும் என்பது உண்மை. 2024 ஐரோப்பியக் கோப்பையில் அரையிறுதிவரை எதிரணியின் சொந்த கோல்களையும் ஒரு பெனால்டியையும் வைத்தே பிழைத்தார்கள். எனக்கும் கோபம் வந்தது. அதற்கு முந்தைய ஐரோப்பியக் கோப்பையில் சுவிட்சர்லாந்திடம் 3-1 முன்னிலையைக் கோட்டைவிட்டதற்கும் அவர்தான் பொறுப்பு.

ஆனால் ‘எம்பாப்பே இருந்தால் போதும்’ என்கிறீர்களே, 2022 இறுதி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினா 2-0. இடைவேளைக்குக்கூடக் காத்திராமல் 41ஆவது நிமிடத்திலேயே ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே அழைத்து, துராமையும் கோலோ முவானியையும் இறக்கினார். பின்னர் கோமனையும் அனுப்பினார். 80ஆவது நிமிடத்தில் எம்பாப்பே அடித்த பெனால்டியைப் பெற்றுத் தந்தவர் கோலோ முவானி. அடுத்த நிமிடமே இரண்டாவது கோல். கடைசியில் பெனால்டி முறையில் தோற்றார்கள். என்றாலும் அந்த இரண்டாவது கோலை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். எம்பாப்பேயின் காலை விட்டுவிட்டு, பந்து எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனியுங்கள்: மெஸ்ஸியின் காலிலிருந்து கோமன் பறிக்கிறார்; எம்பாப்பேயின் காலடியில் துராம் சேர்க்கிறார்.