புதுத் தொட்டியில் அம்மோனியா 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4 பங்கு) காட்டுகிறது. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. என்ன செய்வது?

தொட்டி வைத்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். மீன்களை முதல் நாளே விட்டிருப்பீர்கள். யாரோ சொன்னார்கள் என்று ஒருமுறையாவது எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவியிருப்பீர்கள். சரியா? தப்பென்றால் மன்னித்துவிடுங்கள், என் கதையை வைத்துச் சொல்கிறேன்.

மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்து, சூடு தொட்டித் தண்ணீரை ஒத்திருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்து, மெதுவாக ஊற்றுங்கள். 4 என்பது 2 ஆகும். நாளைக்கு மறுபடி பாதி. இரண்டு நாள் தீனி வேண்டாம், பெரிய மீன்கள் அதனால் சாகாது. ஏர் பம்ப் ஓடட்டும். ஃபில்டரை மட்டும் தொடாதீர்கள்.

தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அம்மோனியாவுக்கு நிறமே கிடையாது. எனக்கு இது தெரிய நான்கு மீன்கள் சாக வேண்டியிருந்தது.

என் மகனின் ஏழாவது பிறந்தநாளுக்கு என் மைத்துனர் ஒரு 30 லிட்டர் தொட்டியையும் ஆறு கோல்டு ஃபிஷ்ஷையும் தூக்கிக்கொண்டு வந்தார். தொட்டியும் மீனும் ஒரே நேரத்தில் வாங்கியவை. விற்றவர் சொல்லி அனுப்பிய ஒரே அறிவுரை, ‘மூன்று நாளைக்கு ஒருமுறை சுத்தமாகக் கழுவிவிடுங்கள்.’ நானோ அழுக்கைக் கண்டால் தூங்காத ஆள். நான்காம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆனது. கூழாங்கற்களைத் தேய்த்தேன், ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து வெள்ளையாகும் வரை பிழிந்தேன், தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு நேராகக் குழாயிலிருந்தே நிரப்பினேன். பளபளவென்று இருந்தது. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் ஒரு மீன் மிதந்தது. மூன்று நாள் கழித்துக் கழுவினேன், இன்னொன்று. நான்காவதைப் பூந்தொட்டியில் புதைக்கும்போது மகன் சொன்னான்: “அப்பா, நீங்க கழுவுற மறுநாள்தான் ஒண்ணு செத்துப்போகுது.”

அவன் கண்டுபிடித்தது சரிதான். குளோரின் செவுளை அரித்திருக்கிறது. அதோடு ஸ்பாஞ்சில் அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருந்த பாக்டீரியாவையும் நானே அழித்துவந்தேன். மீன் செவுள் வழியாக விடும் அம்மோனியாவை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆக்கும். இவை தண்ணீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன. போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நான் மூன்று நாளைக்கு ஒருமுறை முதல் நாளிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தேன்.

டெஸ்ட் கிட் வாங்கியபோது மிச்சம் இரண்டு மீன்கள். சோதனைக் குழாயில் கரும்பச்சை, உங்களைப் போலவே 4. பிஹெச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், 8. நீங்கள் பிஹெச் எவ்வளவு என்று எழுதவில்லையே? அதுதான் முக்கியம். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் நஞ்சான பகுதி 25 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, 8 என்றால் ஐந்து பங்குக்கு மேல். அதே 4 பிபிஎம்தான், ஆபத்து கிட்டத்தட்ட பத்து மடங்கு. இதைக் கேட்டுவிட்டு பிஹெச்சைக் குறைக்க எதையாவது ஊற்றாதீர்கள். அது ஏறி இறங்குவது இன்னொரு தொல்லை.

என்னைக் காப்பாற்றியது அலுவலக நண்பர் கொடுத்த அழுக்கு ஸ்பாஞ்சு. அவருடைய பல வருடத் தொட்டியிலிருந்து, அந்தத் தண்ணீரோடேயே பையில் போட்டுக் கொடுத்தார். பிழிந்தால் கறுப்பாக ஒழுகியது. என் மனைவி பையைப் பார்த்துவிட்டு, “இத வீட்டுக்குள்ள கொண்டு வரப் போறீங்களா?” என்றாள். கொண்டுவந்தேன். தினமும் பாதித் தண்ணீர் மாற்றிக்கொண்டே, பத்து நாளில் அம்மோனியா 0.25க்கு வந்தது. உடனே நைட்ரைட் ஏறி மறுபடி வயிற்றைக் கலக்கியது. அதற்கும் தண்ணீர் மாற்றம்தான் மருந்து. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பும் போட்டேன், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் விடாமல் தடுக்கும். எல்லா மீனும் உப்பைத் தாங்காது, விசாரித்துவிட்டுப் போடுங்கள். ஃபில்டரில் ஜியோலைட் (அம்மோனியாவை உறிஞ்சும் கல்) இருந்தால் உப்பே வேண்டாம், பிடித்துவைத்த அம்மோனியாவை அது திருப்பி விட்டுவிடும். ஐந்தாவது வாரம் இரண்டும் பூஜ்யம்.

இப்போது சிலர் வருவார்கள், ‘மீன் விடாமலே பாக்டீரியாவை வளர்த்துத் தொட்டியைப் பழக்கியிருக்க வேண்டும், 30 லிட்டரில் ஆறு கோல்டு ஃபிஷ்ஷா’ என்று. தெரியும் ஐயா. நானும் அடுத்த தொட்டியை அப்படித்தான் பழக்கினேன். பிறந்தநாள் காலையில் மீன்கள் ஏற்கெனவே பையில் நீந்திக்கொண்டிருந்தால் அந்த அறிவுரையை எங்கே வைப்பது?

உண்மையில் எனக்குக் கோபம் அங்கேதான். வீட்டுக்காரர்களைக் கேட்காமல் உயிருள்ளதைப் பரிசாகக் கொடுப்பவர்கள் மீது. கொடுத்தவர் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார், இரவு பதினொரு மணிக்கு வாளியோடு நிற்பது நாம். இதே மைத்துனர் அடுத்த வருடம் முயல் குட்டி பற்றிப் பேச்செடுத்தார். நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டேன்.

அந்த இரண்டு மீன்களும் இப்போது 200 லிட்டர் தொட்டியில் உள்ளங்கை நீளம் வளர்ந்திருக்கின்றன. போன மாதம் வந்த மைத்துனர் ஃபில்டரைத் திறந்து பார்த்துவிட்டு, “என்ன மாப்பிள்ளை, இவ்வளவு அழுக்கு? ஒரு அலசு அலசக் கூடாதா?” என்றார். மகன் ஓடிவந்து மூடியைப் பிடுங்கி மூடினான்.