ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவே – கடிதமும் பதிலும்

வணக்கம்.

ஏலக்கார அண்ணாச்சி இறந்ததைப் பற்றி நீங்கள் போன வாரம் எழுதிய குறிப்பைப் படித்தேன். வெள்ளத்தில் ஊருக்கு உழைத்தார், கோயில் காரியம் பார்த்தார், அவசரத்துக்கு ரத்தம் கொடுக்க ஆள் பிடித்துத் தந்தார் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். சரி. ஆனால் அவர் பிழைப்பு மண்டியில் ஏலம் விடுவதுதானே? என் அப்பா நாற்பது வருஷம் வாழை போட்டவர். சின்ன வயதில் அவரோடு மண்டிக்குப் போயிருக்கிறேன். தண்ணீர் பாய்ச்சி, முட்டுக்கொடுத்து, காற்றுக்குப் பயந்து பயந்து வளர்த்த தார்கள் பத்து விநாடியில் யாரோ ஒருவர் வாயால் முடிந்துவிடும். அப்பா ஓரமாக நிற்பார். விலையை அவரிடம் சொல்வார்கள், கேட்க மாட்டார்கள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதன்மேல் எனக்கு மரியாதை வரவில்லை. ஊர்ச் சேவையை வைத்து இதை மறைத்துவிட முடியுமா? அப்பாவுக்கு இப்போது 78 வயது. உங்கள் குறிப்பைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை.

எம்.,
கோவில்பட்டி

அன்புள்ள எம்.,

மறைக்க முடியாது. அந்தக் குறிப்பில் மண்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை உங்கள் கடிதம் வந்த பிறகுதான் கவனித்தேன். இறந்தவருக்கு இருப்பதில் நல்ல சட்டையாக எடுத்து மாட்டுகிற பழக்கம், எழுதும்போதும் வந்துவிடுகிறது.

மண்டியில் அண்ணாச்சி சம்பளக்காரர். விடிகாலையில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து தார்கள் வந்து இறங்கும். கோழிக்கூடு, சக்கை, ஏத்தன் என்று ரகம் பிரித்துச் சாத்தி வைப்பார்கள். வியாபாரி தினமும் வருகிறவர். விவசாயி தார் வெட்டும்போது மட்டும் வருகிறவர். கமிஷன் பிடிப்பது விவசாயியிடம், முகம் பார்ப்பது வியாபாரியை. இந்தக் கோணலைச் சரிசெய்யத்தான் 1933-இல் சட்டம் போட்டு, 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வைத்தார்கள். அங்கே கமிஷன் கிடையாது. வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள், கட்டுப்படியாகாவிட்டால் விவசாயி சரக்கைக் கொடுக்காமல் இருக்கலாம். 2016-இல் இ-நாம் என்ற மத்திய அரசின் இணையச் சந்தை வந்து அதுவும் கணினிக்குப் போகத் தொடங்கியது. கூவுகிறவருக்கே வேலையில்லை. ஆனால் நம் பக்கத்து வாழைத்தார் பெரும்பாலும் இன்னும் தனியார் மண்டிக்குத்தான் போகிறது.

அங்கே அண்ணாச்சி கையில் இருந்தது ஒன்றுதான்: ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவே இருக்கிற நேரம். ‘ரெண்டு தரம்’ என்று சொல்லிவிட்டு, தாரைச் சாய்த்து அடிச்சீப்பைக் காட்டுவார். தோள் துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொள்வார். வராத இருமலை இருமுவார். அதற்குள் பின்னால் நிற்கிற யாராவது பத்து ரூபாய் ஏற்றிக் கேட்டுவிடுவார். முதலாளி மேஜையிலிருந்து முறைப்பார். இதற்கு நேர்மாறான நாட்களும் உண்டு. முதலாளிக்கு வேண்டிய வியாபாரி கேட்டுவிட்டால் மூணு தரமும் ஒரே மூச்சில் போய்விடும். அதையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவைப் போல ஓரத்தில் நின்ற எத்தனையோ பேர் அண்ணாச்சியின் குரலையும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

ஏலம் என்ற சொல்லே நம்முடையதல்ல, தெரியுமா? போர்த்துக்கீசியரின் லெய்லாவ்ங் அது. அவர்களுக்கு அது அரபியிலிருந்து போனது, அங்கே அறிவிப்பு என்று பொருள். மலையாளத்தில் இன்றும் லேலம்தான். நாம் முன்னால் இருந்த லகரத்தைத் தட்டிவிட்டோம். முத்துச்சிப்பிகளைக் கூறுபோட்டு ஏலம் விட்ட தூத்துக்குடிக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. இதையெல்லாம் ஒருநாள் அண்ணாச்சியிடம் சொன்னேன். “அப்போ நான் ரேடியோக்காரன் மாதிரின்னு சொல்லு” என்றார்.

அவர் ஆசையோடு செய்தது மண்டி ஏலத்தை அல்ல, ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தை. நாசரேத் பக்கத்துச் சி.எஸ்.ஐ. கோயில்களில் (சர்ச்சைத்தான் இங்கே கோயில் என்போம்) பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அவரவர் விளைச்சலில் கொஞ்சம் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டி, பூசணி, ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். கூலி கிடையாது, கமிஷன் கிடையாது. ஒரு நாட்டுக்கோழி முட்டை அஞ்சு ரூபாயில் தொடங்கும். நூறுக்கு எடுத்தவர் ‘திரும்ப ஏலத்துக்கே’ என்பார். முட்டை மறுபடியும் மேஜைக்கு வரும். ஒரு வருஷம் ஒரே முட்டை ஏழு தடவை விலைபோனது. எட்டாவது தடவை எடுத்த பாட்டி அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். “அம்மைக்குப் பசி” என்று சொல்லி அண்ணாச்சி அடுத்த சாமானைத் தூக்கினார்.

1994-இல் நான் முதல் சம்பளம் வாங்கியிருந்தேன், எண்ணூறு ரூபாய். ஒரு சேவல் ஏலத்துக்கு வந்தது. பம்பாயிலிருந்து வந்திருந்த சொந்தக்காரப் பையன் ஒருவன் கேட்டுக்கொண்டே போனான். நானும் விடவில்லை. அவன் முந்நூற்றைம்பது என்றான். நான் நானூறு என்று கையைத் தூக்கினேன். அண்ணாச்சி என் தலைக்கு மேலே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தார். ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம், ஒரே மூச்சு. சேவல் பம்பாய்க்காரனுக்குப் போய்விட்டது. எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. சாயங்காலம் டீக்கடையில் அவராகவே கூப்பிட்டார். “ஏலே, ஒங்கம்மை நேத்து அரிசிக்கு ரேஷன் கடை வரிசையில நின்னா. நீ சேவல் வாங்கி என்னல செய்யப்போற?” மண்டியில் எது எனக்குப் பிடிக்காமல் இருந்ததோ, அதே வித்தை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். ஊர்க்குளத்து மீன் குத்தகை ஏலத்தில் கேட்கிறவர்கள் முதல் நாள் இரவே கூடிப் பேசி முடித்துவிட்டு வருவார்கள். அண்ணாச்சிக்குத் தெரியும். தெரிந்தே கூவினார். “எல்லாரும் சொந்தக்காரனுவ, என்ன செய்யச் சொல்லுத” என்றார். 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில் சில ஊர்களில் தலைவர் பதவியையே ஏலம் விடுவதாகச் செய்தி வந்ததும், தேர்தல் ஆணையம் எச்சரித்ததும் நினைவிருக்கும். பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து அப்படி ஒரு காரியத்துக்கு இவரைக் கூப்பிட ஆள் வந்தது. அவர் மறுத்துப் பேசவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் படுத்துவிட்டார். அவ்வளவுதான் அவர் வீரம்.

வெள்ளத்தைக் குறிப்பில் ஒரு வரியில் தாண்டிவிட்டேன். அது தப்பு. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு வராது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனதை நாடே பார்த்தது. எங்கள் ஊரை யாரும் பார்க்கவில்லை. கரண்டு இல்லை, செல்போன் டவர் இல்லை, தெருவில் இடுப்புக்கு மேல் தண்ணீர். எழுபது வயது தாண்டிய மனுஷன் பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஏறி நின்றுகொண்டு, ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டு மாடியிலிருந்து தாம்பாளத்தையோ குடத்தையோ தட்டினால் ஆள் இருக்கிறது, சேதமில்லை. சத்தம் வராவிட்டால் இன்னொரு தரம். மூணாவது தரத்துக்கும் சத்தம் வராத வீட்டுக்குப் பையன்கள் வாழைமரத் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்படிப் போய்க் கூட்டிவந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது, பரணில் உட்கார்ந்திருந்தார். அன்று ராத்திரி முழுக்க இந்தக் கூப்பாடு நடந்தது. காலையில் அண்ணாச்சிக்குக் குரல் இல்லை. அதன்பிறகு பழைய குரல் திரும்பவே இல்லை, மண்டி வேலையும் அதோடு போயிற்று.

இதைச் சொல்வது உங்கள் அப்பாவின் தாருக்குக் கணக்கு நேர் செய்வதற்காக இல்லை. அது தனிக் கணக்கு, அதில் பாக்கி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் என் குறிப்பைக் கேட்டுவிட்டு அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அவர் போன மண்டி எது, கூவியவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ரெண்டு தரம் சொன்ன பிறகு அந்த ஆள் என்ன செய்வார்? உடனே முடித்துவிடுவாரா, துண்டை உதறுவாரா?

பதிலை எழுதுங்கள்.