ஐ.நா. பொதுச்சபை முடிவுகள் குன்னூர் வரை வருகின்றனவா?

ஐ.நா. பொதுச்சபை எடுக்கும் முடிவுகளை நம் அரசு மக்களிடம் கொண்டுசேர்க்கிறதா, நீலகிரிக்காரர்களுக்கு அதனால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் கண்ணெதிரே இருக்கும் உதாரணம் சர்வதேசத் தேயிலை நாள். 2005 முதல் தொழிற்சங்கங்கள் டிசம்பர் 15 அன்று கடைப்பிடித்து வந்த நாள் அது. அதை ஐ.நா.வே அறிவிக்க வேண்டும் என்ற யோசனையை இந்தியா 2015-இல் மிலன் நகரில் முன்வைத்தது. 2019 டிசம்பரில் பொதுச்சபை மே 21 என்று அறிவித்தது. அதோடு சபையின் வேலை முடிந்தது. இத்தகைய தீர்மானம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. கொண்டாட்டச் செலவையும் விருப்ப நன்கொடையில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஊருக்குச் சொல்வது அரசின் கையில்தான் இருக்கிறது.

அரசு மனம் வைத்தால் முடியும். 2014-இல் யோகா நாள் தீர்மானத்தை 177 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்தன. இன்று ஜூன் 21 என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

தேயிலை நாளுக்கு அந்த வேகம் இல்லை. குன்னூரிலேயே தேயிலை வாரிய அலுவலகம் இருக்கிறது. மே மாதம் மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி என்று கூட்டமும் வருகிறது. சரி, சுற்றுலாப் பயணிக்குக் கோப்பையில் டீ கொடுத்தால் போதுமா? தீர்மானம் பேசுவது பசி, வறுமை ஒழிப்பு பற்றியும்தான். காலையில் பறித்த பச்சைத் தேயிலையைச் சாக்கில் கட்டி, எடை போடக் காத்திருக்கும் சிறு விவசாயிக்கு அது போய்ச் சேர வேண்டும். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் தமிழ் இல்லை. தீர்மானத்தைத் தமிழில் அச்சடித்து, இலை வாங்கும் இடங்களில் ஒட்டச் சொல்லி வாரியத்திடம் மனு கொடுங்கள்.